முதல் மூன்று நாள்

நேற்று ராத்திரி வரை கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே குரைத்துக்கொண்டு ஓடிய நாய். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கண்ணில் லேசாகப் புரை, முகவாயில் நரை, மாடிப்படி ஏறுவதை எப்போதோ விட்டாகிவிட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. காலையில் பார்த்தால் எழுந்து நிற்க முடியவில்லை. எழுந்தால் ஒரு பக்கமாகச் சரிகிறது, சரிந்த வேகத்தில் ஒரு புரளும் புரள்கிறது. தலை ஒரு தோள் பக்கமாகக் கோணிக்கொண்டிருக்கிறது. எச்சில் ஒழுகுகிறது, வாந்தி வேறு. கண்மணிகள் இரண்டும் நிற்காமல் பக்கவாட்டில் துடிக்கின்றன. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: பக்கவாதம் வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்.

பல சமயம் அப்படி இல்லை. கால்நடை மருத்துவர்கள் இதை முதிய நாய்களின் வெஸ்டிபுலர் நோய் என்பார்கள். காரணம் இன்னதென்று இன்றுவரை பிடிபடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வரும், பெரும்பாலும் தானாகவே போகும். வந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் ஏறுவதில்லை. மூன்றாம் நாள் வாக்கில் தெளிவு தெரிய ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் நாய் தன்பாட்டுக்கு நடக்கும். பார்க்க இவ்வளவு பயங்கரமாக இருந்துவிட்டு இவ்வளவு சாதுவாக விலகிப்போகும் நோய்கள் குறைவு. ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், “பாவம், கஷ்டப்பட வேண்டாம்” என்று முதல் நாளே ஊசி போட்டு அனுப்பிவைத்துவிடுகிற இரக்கத்தில் இருக்கிறது.

லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பிரிட்டனின் சாதாரண கிளினிக்குகளுக்கு வந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை அலசி 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், பத்தாயிரம் நாய்களில் எட்டுக்கு இந்தச் சமநிலைக் கோளாறு வந்திருந்தது. அவற்றின் நடு வயது 12-ஐத் தாண்டியிருந்தது. அடிக்கடி வருவதில்லை என்பதால்தான் அக்கம்பக்கத்தில் இதைப் பார்த்தவர்கள் கிடைப்பதில்லை. தைரியம் சொல்ல ஆளில்லாமல் போவதும் அதனால்தான்.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள நாயின் காதுக்குள் போக வேண்டும். வெளியே தொங்கும் மடலும், அதைத் தாண்டி வளைந்து இறங்கும் துவாரமும், செவிப்பறையும், நடுச்செவியும் கடந்தால், மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள் உட்செவி பதிந்திருக்கிறது. கேட்கும் உறுப்புக்கு ஒட்டினாற்போலவே சமநிலை உறுப்பும் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். உள்ளே திரவம். தலை திரும்பினால் எலும்புக் குழல் உடனே திரும்பிவிடும், திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தத் தாமதம், குழலின் உப்பிய முனையில் இருக்கும் ஒரு மென்மையான தடுப்பை வளைக்கும். தடுப்பில் தம் நுண்மயிர்களைப் புதைத்திருக்கும் மயிர்ச் செல்கள் அந்த வளைவை நரம்புத் துடிப்பாக மாற்றும். தலை எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பது இப்படித்தான் மூளைக்குத் தெரிகிறது. குழல்களை அடுத்து இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றில் கால்சியம் துகள்கள் ஒட்டிய ஒரு படலம் உண்டு. பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைச் சொல்வது அதன் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த நரம்பு சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை என்பது. நாய் அசையாமல் படுத்திருந்தாலும் இரண்டு காதிலிருந்தும் மூளைத்தண்டுக்குச் சீரான துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும். தலை வலப்புறம் திரும்பினால் வலது காதின் துடிப்பு கூடும், இடது காதின் துடிப்பு குறையும். மூளை பார்ப்பது இந்த வித்தியாசத்தை மட்டும்தான். இரண்டும் சமமாக இருந்தால் தலை அசையவில்லை என்று அர்த்தம்.

இப்போது இடது காதின் துடிப்பு திடீரென்று நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காது வழக்கம்போலத் தன் வேலையைச் செய்கிறது. நாய் தரையில் கிடக்கிறது, தலை அசையவே இல்லை. ஆனால் மூளைக்குக் கிடைக்கும் கணக்கில் வலது அதிகம், இடது பூஜ்ஜியம். ‘தலை வலப்புறமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது’ என்றுதான் அது முடிவுகட்டும். கண்களை அதற்கு ஈடுகொடுத்து மெல்ல இடப்புறம் நகர்த்தும். ஓரம் வந்ததும் வெடுக்கென்று வலப்புறம் இழுக்கும். மறுபடி மெல்ல இடப்புறம். நாம் பார்க்கும் கண் துடிப்பு இதுதான். கால்களை விறைப்பாக நிறுத்திவைக்கும் கட்டளையும் இந்த நரம்பின் துடிப்பை நம்பித்தான் போகிறது. இடப்பக்கக் கட்டளை குறைந்ததால் இடக்கால்கள் தளர்கின்றன, உடல் இடப்பக்கம் சாய்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் இடது மாடு மட்டும் நின்றுவிட்டால் வண்டி இடப்புறம்தானே வளையும்? தலை எந்தப் பக்கம் கோணியிருக்கிறதோ, பெரும்பாலும் கோளாறு அந்தக் காதில்தான். வாந்தியும் இதே கணக்கில் சேரும். சமநிலை மையம் மூளைத்தண்டில் வாந்தி மையத்தோடு தொடர்புள்ளது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சமநிலை என்று ஒரு புலன் இருப்பதே மனிதனுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. 1820-களில் பிரெஞ்சு உடலியலாளர் பியேர் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். அது கேட்கும் உறுப்பின் ஒரு பகுதி என்றுதான் அன்றைக்குப் பொதுவாக நினைத்திருந்தார்கள். புறாவுக்குக் காது கேட்டது, நடைதான் போனது. எந்தக் குழலை அறுத்தாரோ அந்தத் தளத்தில் புறாவின் தலை ஆடியது. அதன் முழு அர்த்தம் துலங்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. பிறகு வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் வந்தார். நோயாளிகளின் காதைக் கழுவும்போது தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் அவர்களுக்குத் தலைசுற்றி, கண் ஒரு திசையில் துடிப்பதைக் கவனித்தார். தண்ணீர் சூடாக இருந்தால் துடிப்பு எதிர்த்திசையில். எந்தக் காது கெட்டிருக்கிறது என்று அறிய அது ஒரு சோதனையாகவே ஆனது. 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. விடுதலையாகி 1916-இல்தான் பரிசை வாங்க முடிந்தது. இன்றைக்குக் கிளினிக் மேஜையில் ஒரு நாயின் கண் துடிப்பைப் பார்த்து மருத்துவர் “இது இடது காதும்மா” என்று சொல்கிறார் என்றால், அந்தப் புறாக்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் அதில் பங்குண்டு.

காது தேறுகிறதோ இல்லையோ, மூளை தேற்றிக்கொள்கிறது. இந்த நோயில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். முதல் வேலையாகச் சிறுமூளை நல்ல காதின் சத்தத்தை அமுக்கிப்பிடிக்கிறது; வித்தியாசம் குறைகிறது, கண் துடிப்பு அடங்குகிறது. அடுத்து, கெட்ட பக்கத்து நரம்பு மையத்தில் இருக்கும் செல்கள், காதிலிருந்து சேதி வராவிட்டாலும் தாமாகவே துடிக்கக் கற்றுக்கொள்கின்றன. கண் பார்ப்பது, கழுத்துத் தசை உணர்வது, பாதம் தரையில் பதிவது என்று மற்ற வழிகளில் வரும் சேதிகளுக்கு மூளை கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது. இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. நாய் அசைய வேண்டும், பார்க்க வேண்டும், விழுந்து எழ வேண்டும். தவறு நடந்தால்தான் மூளை திருத்தும். 1970-களில் பிரான்ஸில் பபூன் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒருபக்கச் சமநிலை நரம்பை அறுத்த பிறகு சில நாள் அசையவிடாமல் வைக்கப்பட்ட குரங்குகள் தேறுவதற்கு மற்றவற்றைவிட நெடுநாள் பிடித்தது. பூனைகளை இருட்டில் வைத்தபோதும் தாமதம்தான். ஆக, தூக்க ஊசி போட்டு இருட்டறையில் கிடத்திவைப்பது பார்க்க இரக்கமாகத் தெரிந்தாலும், நாய்க்கு நல்லதில்லை.

சரி, எல்லாத் தலைசுற்றலும் இப்படித் தானாகப் போகிறதுதானா? இல்லை. அதனால்தான் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோளாறு காதிலா மூளையிலா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் முதலில் தேவையில்லை. மருத்துவர் நாயை நிற்கவைத்து, வயிற்றுக்கடியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் அதன் ஒரு பாதத்தை மடக்கி மேற்புறம் மேஜையில் படும்படி வைப்பார். காதுக் கோளாறு மட்டும் உள்ள நாய், எவ்வளவு தள்ளாடினாலும், பாதத்தைச் சட்டென்று திருப்பி வைத்துவிடும். பாதம் மடங்கியபடியே இருக்கிறது, நாய்க்கு அது தெரியவே இல்லை என்றால் சந்தேகம் மூளையின் பக்கம் போகும். நான்கு காலுக்கும் இதைச் செய்துபார்ப்பார்கள். அடுத்தது கண். துடிப்பு பக்கவாட்டிலோ சுழற்சியாகவோ இருந்தால் பெரும்பாலும் காது. மேலும் கீழுமாக இருந்தால், அல்லது நாயைப் புரட்டிப்போடும்போது திசை மாறினால், மூளை. மூன்றாவது, பிரக்ஞை. எழ முடியாவிட்டாலும் பெயரைக் கூப்பிட்டால் காதை நிமிர்த்துகிறதா, ஆளைத் தெரிகிறதா? மந்தமாகக் கிடந்தால் நல்ல அறிகுறி இல்லை.

காதுதான் என்று தெரிந்தாலும், காரணமில்லாமல் வந்தது என்ற முடிவுக்கு மற்றதையெல்லாம் ஒதுக்கிய பிறகே வர முடியும். நாள்பட்ட காதுச் சீழ் செவிப்பறையைத் தாண்டி உள்ளே போயிருக்கலாம். அப்படியானால் அந்தப் பக்க முகம் தொங்குவதும், கண்மணி சிறுத்து உள் இமை மேலேறி வருவதும் கூடவே தெரியலாம். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். தைராய்டு குறைவும் ஒரு காரணம். வயிற்றுப்போக்குக்கு நாம் சர்வசாதாரணமாக வாங்கிக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை, அளவு மீறினாலோ நாள்கணக்கில் நீண்டாலோ இதே போன்ற தள்ளாட்டத்தை வரவழைக்கும். நிறுத்தினால் பொதுவாகத் தெளிந்துவிடும். என்ன மருந்து கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கியது உட்பட. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலையும், தடுப்பூசி போடாத நாய் என்றால் டிஸ்டெம்பரையும் நினைவில் வைக்க வேண்டும். மூளைக் கட்டி, உண்மையான பக்கவாதம் இரண்டும் நாய்களுக்கு வருவதுண்டு. பக்கவாதம் என்றே உறுதியானாலும் பல நாய்கள் தேறிவிடுகின்றன என்பது கொசுறாக ஒரு ஆறுதல்.

ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி ஒழுங்காகப் போடாத நாய், அல்லது தெருவில் நாம் சோறு வைக்கும் நாய், திடீரென்று தள்ளாடி எச்சில் ஒழுகவிட்டு, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கிடந்தால் வாயில் கை வைக்காதீர்கள். அது வேறு கதையாக இருக்கலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உங்களுக்கான ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூளைக் கோளாறு என்று சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டியிருக்கலாம். நாய்க்கு அதை எடுக்க முழு மயக்கம் கொடுக்க வேண்டும். செலவும் அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. பக்கத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கே காட்டுவது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று பல இடங்களில் இருக்கின்றன. போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நாயின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து, கண் துடிப்பை அரை நிமிஷம் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் போய்ச் சேர்ந்து, வரிசையில் உட்கார்ந்து, உள்ளே போவதற்குள் துடிப்பின் வேகமோ திசையோ மாறியிருக்கலாம். மருத்துவருக்கு நம் வர்ணனையைவிட அந்தப் படம் உதவும்.

மருந்து அதிகமில்லை. வாந்தியையும் குமட்டலையும் அடக்க மாரோபிட்டன்ட், ஆன்டான்செட்ரான் போன்றவற்றைக் கொடுப்பார்கள். தண்ணீர் இறங்காவிட்டால் டிரிப்ஸ். காரணமின்றி வரும் வகையில் ஸ்டீராய்டு நோயைச் சீக்கிரம் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டில் இருக்கும் தலைசுற்றல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ நாமாகக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரைகளில் பல நாய்க்கு விஷம். பாட்டி வைத்தியமாகத் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விடுவதும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெயும் மருந்துச் சொட்டும் நேராக உள்ளே போய், இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்கும்.

வீட்டில் முதல் எதிரி தரை. நம் வீடுகளின் டைல்ஸ், மொசைக், கிரானைட் எல்லாம் துடைக்க வசதி; தள்ளாடும் நாலு கால்களுக்கு வழுக்குப்பாறை. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை, அங்கிருந்து வாசல் வரை, சாக்கையோ ரப்பர் பாயையோ நகராதபடி விரித்துவையுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அது தரையோடு சேர்ந்து வழுக்கும். மாடிப்படியை மறையுங்கள், கிணறு, தண்ணீர்த் தொட்டி இருந்தால் மூடிவையுங்கள். ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். காது கைவிட்ட நேரத்தில் அதற்குக் கண்தான் துணை. மேஜை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள்.

எழுப்பும்போது தூக்கிவிடாதீர்கள். கால் தரையை விட்டதும் நாய் பதறும். அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே நம்பகமான சேதி அறுந்துபோகிறது. பழைய துண்டு ஒன்றை இடுப்புக்கு முன்னால் அடிவயிற்றில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு, அது சாயும் பக்கத்தில் உங்கள் காலை அணைகொடுத்து நடத்துங்கள். எடையை அது தாங்கட்டும், விழாமல் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாலைந்து தடவை, ஒவ்வொன்றும் சில நிமிஷம் போதும். வெளிக்குப் போக வேண்டிய நேரங்களில் கூட்டிப்போனால் அதன் மானமும் காக்கப்படும். கோணிய தலையைப் பிடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அதன் கணக்கில் அதுதான் நேர்.

சாப்பாடு முதல் நாள் இறங்காது, கவலைப்பட வேண்டாம். தண்ணீர் முக்கியம், அதுவும் சித்திரை வைகாசியில். படுத்த நிலையில் வாயில் ஊற்றாதீர்கள்; புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. நெஞ்சு தரையில் பட, முன்கால்கள் நீட்டியபடி நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, தட்டை முகவாய் உயரத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். குனிந்தால் உலகம் சுற்றும். வாந்தி நின்றபின், பழகிய சோற்றை, கஞ்சிச் சாதமோ கோழி சேர்த்துப் பிசைந்ததோ, சின்ன உருண்டைகளாகக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். எழவே முடியாத நாயை மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பெலும்பு, முழங்கை ஓரங்களில் புண் வரும். மூத்திரத்தில் நனைந்த துணியை உடனுக்குடன் மாற்றுங்கள்.

கவனித்துப் பார்த்தால் தேறுவதற்கு ஒரு வரிசை தெரியும். முதலில் கண் துடிப்பு ஓயும். பசி திரும்பும். அப்புறம் நடை, முதலில் கால்களை அகட்டிவைத்துச் சுவரோரமாக, பிறகு நடு ஹாலில். தலைக் கோணல் கடைசியில்தான் போகும், சில நாய்களுக்குப் போவதே இல்லை. ஆயுசு முழுக்க ஏதோ யோசிப்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டே திரியும். அதனால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. உடம்பை உதறும்போதும் சட்டென்று திரும்பும்போதும் இன்னும் கொஞ்ச காலம் தடுமாறலாம். மூன்று நாள் கழித்தும் கொஞ்சமும் தேறவில்லை, அல்லது தேறியது மறுபடி மோசமாகிறது, புதிதாக வலிப்பு வருகிறது, ஒரு கால் இழுக்கிறது என்றால் மட்டும் கணக்கு வேறு. உடனே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். கருணைக்கொலை பற்றிப் பேச வேண்டிய நாய்களும் உண்டுதான். ஆனால் அந்தப் பேச்சு முதல் நாளுக்கானது அல்ல.

இந்த நோய் இன்னொரு தடவை வரலாம், அதே பக்கமோ மறுபக்கமோ. மற்றொன்று, மூளை கற்றுக்கொண்ட ஈடுகட்டல் மயக்க மருந்தில் தற்காலிகமாகக் கலையும். பல்லைச் சுத்தம் செய்யவோ கட்டியை எடுக்கவோ மயக்கம் கொடுத்தால், விழித்தெழும்போது பழைய தள்ளாட்டம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ தலைகாட்டலாம். அதனால் நாயின் மருத்துவ நோட்டில் இது வந்த தேதியையும் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவையுங்கள். மயக்க ஊசி போடுவதற்கு முன் அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.